பிள்ளையின் எடையும் வீட்டின் விலையும்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் யூனியன்வில்லில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என்னுடைய அலுவலகம். 20 வருடங்களுக்கு மேலாக எங்களுடைய சனத்துக்கு வருமானவரிப் படிவம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். ஒரு குடும்பத்தின் ரி-4 துண்டுகளும் வாடகை ரசீதும் வங்கிக் கூற்றும் ஒரே மேசையில் விரிந்து கிடக்கும்போது, அந்தக் குடும்பம் எத்தனை மணிக்கு எழும்புகிறது, எத்தனை மணிக்குப் படுக்கிறது, யார் யாரோடு எப்போது இருந்து சாப்பிடுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். இதைச் சோதிடம் போலச் சொல்லவில்லை. எண்கள் அப்படித்தான்.

இந்த வருடம் மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தாய் வந்தாள். அவளை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். மார்க்கத்தில் ஒரு வீட்டின் பேஸ்மன்ற்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள். இளையவனுக்கு நான்கு வயது. கையில் ஒரு யூஸ் பெட்டி, மடியில் தாயின் ரெலிபோன். நான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது அவள் மெல்லிய குரலில் சொன்னாள்: "அன்ரி, டொக்டர் இவனுக்கு எடை கூடிப்போச்சு எண்டு சொல்லிப்போட்டார். கோட்டுக்கு மேல நிக்குதாம். வீட்டில எல்லாரும் என்னைத்தான் பேசினம். நான் என்ன அன்ரி பிழை விட்டனான்?"

அவள் என்ன சமைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. மேசையில் இரண்டு பேருக்கு நான்கு வருமானத் துண்டுகள் கிடந்தன. கணவனுக்குப் பகலில் ஒரு தொழிற்சாலை, இரவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அவளுக்குக் கிழமை நாட்களில் ஒரு பொதியிடும் இடம், சனிக்கிழமைகளில் வேறொரு இடம். அவள் விட்ட பிழை என்ன என்பதற்கான பதில் அந்த நான்கு தாள்களிலும் இருந்தது. அது பிழையே அல்ல என்பதும் அங்கேதான் இருந்தது.

சின்னப் பிள்ளைகளின் உடற்பருமனைப் பற்றி எங்கள் சமூகம் கதைக்கும் விதம் எனக்கு அலுத்துவிட்டது. மண்டபங்களில் நடக்கும் கருத்தரங்குகளில், வானொலியில், கலியாண வீட்டுப் பந்தியில், எங்கும் மூன்று விளக்கங்கள்தான். ஒன்று, பரம்பரை. இரண்டு, தாயின் கவலையீனம். மூன்று, "இந்தக் காலத்துப் பிள்ளையள் ஓடி விளையாடுறதில்லை." இந்த மூன்றிலும் ஒரு வசதி இருக்கிறது. எதிலும் காசு என்ற சொல் வராது. கனடாவில் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று ஊருக்கும் உறவுக்கும் எங்களுக்கும் சொல்லி வைத்திருக்கிற கதை அதனால் கலையாமல் இருக்கும்.

நான்கு வயதுப் பிள்ளை தன்னுடைய சாப்பாட்டைத் தானே வாங்குவதில்லை. எத்தனை மணிக்குப் படுப்பது என்றோ, வீட்டில் யார் நிற்பது என்றோ அது முடிவுசெய்வதில்லை. இவையெல்லாம் ஒரு குடும்பத்தின் வரவு செலவில் முடிவாகின்றன. ஆகவே நான் சொல்வது இதுதான்: சின்னப் பிள்ளையின் எடை அந்த வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் பிள்ளையையும் தாயையும் பேசுவது அநியாயம், அதனால் பயனும் இல்லை.

காசுக்கும் எடைக்கும் தொடர்பு இருக்கிறது என்றால், "ஏழைகள் படிப்பறிவில்லாமல் கண்டதையும் தின்கிறார்கள்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். தவறு காசில்லாமையிலா, அறிவில்லாமையிலா என்று பிரித்துப் பார்ப்பது கடினம்தான். ஆனால் அலாஸ்காவில் அதற்கு ஒரு வழி தற்செயலாக அமைந்தது. அந்த மாநிலம் தன்னுடைய எண்ணெய்ச் செல்வத்தை முதலிட்டு, அதன் வருவாயில் ஒரு பங்கை 1982ஆம் ஆண்டிலிருந்து அங்கே நிரந்தரமாக வசிக்கும் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, வருடந்தோறும் கொடுத்து வருகிறது. தொகை வருடத்துக்கு வருடம் கூடும், குறையும். பிரெற் வற்சன் என்பவரும் இரு பொருளியலாளரும் இந்த ஏற்ற இறக்கத்தை மூன்று வயதுப் பிள்ளைகளின் எடையோடு வைத்துப் பார்த்தார்கள். கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு 1,000 டொலருக்கும், ஒரு பிள்ளை மூன்று வயதில் உடற்பருமனோடு இருக்கும் வாய்ப்பு 4.5 சதவீதப் புள்ளிகள் வரை குறைந்தது என்று கண்டார்கள். யாரும் அந்தப் பெற்றோருக்கு வகுப்பு எடுக்கவில்லை. சாப்பாட்டுப் பட்டியல் கொடுக்கவில்லை. காசு மட்டும் கொடுத்தார்கள்.

காசு பிள்ளையின் உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பதை என்னால் ஒரு கணக்காகக் காட்ட முடியும். அந்தத் தாயின் சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம்.

ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். எட்டு மணித்தியாலத்துக்கு 140.80. இந்தத் தொகைதான் அவளுடைய மனதில் நிற்கிறது. அதிலிருந்து ஓய்வூதியத்துக்கும் வேலையின்மைக் காப்புறுதிக்கும் பிடிப்பார்கள். மத்திய வரி, மாகாண வரி போகும். அதோடு முடியாது. பிள்ளைக்காசு, அதாவது 2016 யூலையில் தொடங்கிய கனடா பிள்ளைகள் நலக் கொடுப்பனவு, குடும்பத்தின் போன வருட நிகர வருமானத்தை வைத்துக் கணிக்கப்படுகிறது. இரண்டு பிள்ளைகள் உள்ள, இவர்களைப் போல 70 ஆயிரத்துக்குக் கீழே உழைக்கிற குடும்பம் மேலதிகமாக 100 டொலர் உழைத்தால், அடுத்த யூலையிலிருந்து பிள்ளைக்காசில் 13.50 டொலர் குறையும். ஒன்ராறியோ தரும் பிள்ளைக் கொடுப்பனவும் அதேபோல் 8 டொலர் வரை குறையும். எல்லாவற்றையும் கூட்டினால், அந்த 140 டொலரில் ஏறக்குறைய பாதிதான் கடைசியில் கைக்கு வருகிறது. 70 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு நாரி நோகத் திரும்பி வருகிறவள் சமைப்பாளா? வழியில் நிறுத்திக் கொத்துரொட்டியும் பொரித்த கோழியும் சோடாவும் வாங்குகிறாள். நான்கு பேருக்கு 45 டொலர். பெற்றோலுக்கு ஆறு டொலர். மிச்சம் 19. வருடத்துக்கு 50 சனிக்கிழமை என்றால் 950 டொலர்.

அந்த 950 டொலருக்கு ஈடாக அவள் கொடுத்தது 50 நாட்கள். அந்த நாட்களில் பிள்ளைகளை வைத்திருந்தது கணவன். அவன் விடியற்காலை இரண்டு மணிவரை வண்டி ஓடிவிட்டு வந்து நித்திரை தூங்குகிறவன். பிள்ளைகளின் கையில் ரெலிபோனும் பிஸ்கற் பெட்டியும் கொடுக்காமல் அவன் வேறு என்ன செய்வான்? எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ரூகுட் குளம் இருக்கிறது. பிள்ளைகள் வாத்துக்குப் பின்னால் ஓடுவதற்குக் காசு கட்டத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகள் அங்கே போனதில்லை. போக யாருக்கும் நேரமில்லை.

இவ்வளவும் எதற்காக? வீட்டு முன்பணத்துக்காக. சேர்த்த காசு கொஞ்சம் சீட்டிலும் கொஞ்சம் சாதாரணக் கணக்கிலும் கிடந்தது. 2023 ஏப்ரலிலிருந்து முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு 8,000 டொலர் வரை அதில் போடலாம். போட்ட தொகை வருமானத்திலிருந்து கழிபடும். இந்தக் குடும்பம் தன்னிடம் ஏற்கெனவே இருந்த காசில் 8,000 டொலரை அதற்குள் மாற்றினால், நிகர வருமானம் குறைந்து, பிள்ளைக்காசு மட்டும் 1,080 டொலர் கூடும். வரியிலும் ஒரு தொகை திரும்பி வரும். ஒரு வருடச் சனிக்கிழமைகளை விற்று அவள் மிச்சம் பிடித்ததைவிட அது அதிகம்.

இதைச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். இவ்வளவு காலமும் யாரும் இதைச் சொல்லவில்லையாம். அவளுக்குச் சொன்னதெல்லாம் "சோத்தைக் குறை, சீனியைக் குறை" என்பதுதான். உணவு பற்றி அறிவுரை சொல்ல எங்களில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கணக்குப் பார்த்துச் சொல்ல ஆளில்லை.

"யூனியன்வில்லில் இருந்துகொண்டு ஏழ்மை பற்றிக் கதைக்கிறியோ?" என்று என்னைக் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் தெருவில் இரண்டு கார் நிற்காத வாசல் இல்லை. ஆனால் அந்த வாசல்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்குகளையும் நான் பார்க்கிறேன். 2022 பெப்ரவரியில் 0.25 வீதமாக இருந்த கனடா வங்கியின் வட்டி, 2023 யூலையில் 5 வீதமானது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்த எங்கள் ஆட்கள் பலரின் மாதக் கட்டுப்பணம் அந்த 17 மாதங்களில் அவர்கள் கனவிலும் நினைக்காத அளவுக்கு ஏறியது. அதே 2022இல் கடைச் சாப்பாட்டுப் பொருட்களின் விலை 9.8 வீதம் கூடியது. 1981க்குப் பின் அப்படி ஏறியதில்லை. வீட்டை விற்க ஒருவரும் துணியவில்லை. பேஸ்மன்ற்றை வாடகைக்கு விட்டார்கள், இரண்டாவது வேலை எடுத்தார்கள், அம்மம்மாவையும் வேலைக்கு அனுப்பினார்கள். மேல்மாடியில் வீட்டுக்காரரின் பிள்ளை, கீழே வாடகைக்காரரின் பிள்ளை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கொத்துரொட்டியைத் திரைக்கு முன்னால் இருந்து சாப்பிட்டன. சொத்தின் பெறுமதி மில்லியனைத் தாண்டலாம். பின்னேரம் ஐந்து மணிக்கு அடுப்படியில் ஒருவரும் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு அந்த மில்லியனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

வீட்டு ஆசையை நான் நக்கலடிக்கவில்லை. ஷெல்லடியில் கூரை போனவர்கள் நாங்கள். சாவியைப் பூட்டிக் கையில் கொண்டு வந்து, அந்த வீடே இல்லாமல் போனதை ரெலிபோனில் கேட்டவர்கள். எங்களுக்கு வீடு என்பது முதலீடு மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். நானும் அந்த ஆசையில்தான் 2004இல் இங்கே வந்தேன். ஆனால் அந்த இழப்பைப் பற்றிய பயம் எங்களிடமிருந்து எங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் பிரபலமானது. "ஊரில நாங்களும் காசில்லாமல்தான் வளர்ந்தனாங்கள். ஒருத்தரும் குண்டாய் இருக்கேல்லையே." உண்மை. ஊரில் வறுமை என்றால் சாப்பாடு குறைவு. இங்கே வறுமை என்றால் சாப்பாடு மலிவு, நேரம் விலை. கலோரிதான் இந்த நாட்டில் மிக மலிவான பொருள். அரைக் கிலோ ஸ்ரோபெரி வாங்கும் காசுக்கு ஒரு பெரிய பெட்டி பிஸ்கற் வாங்கலாம். அது பழுதாகாது, பிள்ளை வேண்டாம் என்று துப்பாது, சமைக்கத் தேவையில்லை. காசு இறுகும்போது தாய் பரீட்சித்துப் பார்க்க மாட்டாள். பிள்ளை சாப்பிடும் என்று நிச்சயமாகத் தெரிந்ததைத்தான் வாங்குவாள். இதில் அறிவீனம் எங்கே இருக்கிறது? ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் புறூவ் ஆய்வுக் குழு கனடாப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் தரவுகளை வைத்துச் சொல்கிறது: 2024இல் 10 மாகாணங்களிலும் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் உணவுப் பாதுகாப்பற்ற வீட்டில் வாழ்ந்தார். அந்த வீடுகள் எல்லாவற்றிலும் வயிறு காய்கிறது என்று இதற்குப் பொருளில்லை. பல வீடுகளில் வயிறு நிறைகிறது, எதனால் நிறைகிறது என்பதுதான் கேள்வி.

பரம்பரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை நான் மறுக்கவில்லை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் கூட்டாளிகளும் அங்குள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுதாம்ரனில் பிறந்த குழந்தைகளையும் அளந்து 2003இல் எழுதினார்கள். இந்தியக் குழந்தைகளின் எடை ஏறக்குறைய 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்த இந்தியக் குழந்தைகளில் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தெரியும் உடம்புக்குள் கொழுப்பு. இங்கே மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் சோனியா ஆனந்த் குழுவினர் பீல் பிராந்தியத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தெற்காசியத் தாய்மாரைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. எங்கள் உடம்பு சீனிக்கும் கூடுதல் எடைக்கும் மற்றவர்களைவிட முந்தியே விலை கொடுக்கிறது. ஆகவேதான் இது அவசரமான விஷயம். இன்சுலினைக் கண்டுபிடித்த நகரத்தில் இருந்துகொண்டு எங்கள் வீடுகளில் எத்தனை பேர் ஊசி போடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் பரம்பரை என்பது கையை விரிப்பதற்கான காரணமல்ல. உடம்பு அப்படி என்றால், அந்த உடம்புள்ள பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெரியவர் இன்னும் அதிகமாகத் தேவை.

அம்மம்மாமாரையும் விட்டுவிடுங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வடக்கில் பிள்ளை வளர்த்தவர்கள் பலர் இன்று இங்கே பேரப்பிள்ளை பார்க்கிறார்கள். ஒரு கரண்டி சீனிக்கும் கணக்குப் பார்த்தவர்கள். பேரன் கேட்டதும் எடுத்துக் கொடுக்க முடிகிறது என்பது அவர்களுக்கு வாழ்க்கையில் கிடைத்த வெற்றி. "மெலிஞ்சு போனான்" என்பது அவர்கள் வாயில் நோய்க்குப் பெயர். அதைக் கருத்தரங்கில் வைத்துச் சிரிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து பொறுமையாகக் கதைக்க ஒரு ஆள் இருந்தால் அவர்களும் மாறுவார்கள்.

இனி என்னுடைய கதை. மற்றவர்களின் கணக்கைத் திறந்தவள் என்னுடையதை மூடி வைப்பது சரியில்லை.

என் மகன் 1998இல் பிறந்தான். நாங்கள் அப்போது ஸ்காபரோவில் பேஸ்மன்ற்றில். நான் இரவில் ஒரு தொழிற்சாலையில், பகலில் கணக்கியல் படிப்பு. கணவருக்கு இரண்டு வேலை. மகனைப் பார்த்த அக்கா தன்னுடைய பிள்ளைகளோடு இன்னும் மூன்று பிள்ளைகளைப் பார்த்தவர். அவன் அழுதால் போத்தலில் அப்பிள் யூஸ். அது பழம் என்றுதான் நானும் நம்பினேன். அந்தக் காலத்துக் கனடா உணவு வழிகாட்டியே பழச்சாற்றைப் பழத்தின் கணக்கில்தான் சேர்த்திருந்தது. 2019இல்தான் அதை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் குடியுங்கள் என்றார்கள். என் மகனுக்கு அப்போது வயது 21.

ஐந்து வயதில் அவனுக்கு ஊரே சேர்ந்து ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். பிறந்தநாள் வீடுகளில் அவன் தட்டை எடுத்ததும் யாராவது ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லுவார், எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் எனக்கு வெட்கம் என்று தெரிந்துவிடுமே. போன நத்தாருக்கு அவன் சொன்னான்: "அம்மா, எனக்கு இப்பவும் ஆக்களுக்கு முன்னால சாப்பிட ஏலாது. கலியாண வீட்டுக்குப் போனால் காருக்குள்ள வந்து சாப்பிடுவன்." 27 வயது. நல்ல வேலை. அவனுக்கு முன்நீரிழிவு என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருடம். நான் யூனியன்வில்லில் வீடு வாங்கினேன் என்று என்னை மெச்சியவர்களுக்கு அந்த வீட்டின் விலையில் இதுவும் சேர்ந்தது என்று தெரியாது.

வெட்கப்படுத்தினால் பிள்ளை மெலியும் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எடைக்காகக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகள் பின்னர் மற்றவர்களைவிட வேகமாக எடை கூடுகிறார்கள் என்று அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். என் வீட்டில் அதற்கு முன்பே அது தெரிந்திருந்தது.

எங்கள் கருத்தரங்குகள் எப்படி நடக்கின்றன? ஞாயிறு பின்னேரம் ஒரு மண்டபம். மேடையில் நான்கு ஆண்கள். கீழே தாய்மார். ஒன்றரை மணித்தியாலம் தாய்மாருக்குப் பேச்சு விழும். முடிவில் மிதிவெடி, ரோல்ஸ், கேக், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கான் சோடா. நேரம் இல்லாமல் வேலைக்கு நிற்கிற தாய் அந்தக் கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டாள். வந்தவர்களுக்கு அது தேவையில்லை.

அரசாங்கங்களும் இதே மாதிரித்தான். 2007இல் மத்திய அரசு பிள்ளைகளின் உடற்பயிற்சிக்கு வரிச்சலுகை ஒன்று கொண்டுவந்தது. நீச்சலுக்கும் ஹொக்கிக்கும் கட்டிய காசின் ரசீதைக் காட்டினால் வரியில் கொஞ்சம் கழியும். எந்த வீடுகளிலிருந்து அந்த ரசீதுகள் என்னுடைய மேசைக்கு வந்தன என்று எனக்கு நன்றாகத் தெரியும். முன்கூட்டியே கட்டக் காசும், கூட்டிக்கொண்டு போக ஆளும் இருந்த வீடுகளிலிருந்து. பேஸ்மன்ற்றிலிருந்து வந்தது அருமை. 2017இல் அதை நிறுத்தினார்கள், ஒருவரும் அழவில்லை. ஒன்ராறியோவில் 2017 ஜனவரியிலிருந்து 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள சாப்பாட்டுக் கடைகள் கலோரி அளவைப் பட்டியலில் போட வேண்டும். எங்கள் கொத்துரொட்டிக் கடைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பொருந்தினாலும், இரவு ஏழு மணிக்கு எண்ணைப் பார்த்து அவள் என்ன செய்வாள்?

கியூபெக் 1980இலேயே 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களைத் தடைசெய்துவிட்டது. உச்ச நீதிமன்றமும் 1989இல் அதைச் சரி என்றது. நாடு முழுவதற்கும் பிள்ளைகளுக்கான உணவு விளம்பரத்தைக் கட்டுப்படுத்த வந்த சட்டமூலம் 2019இல் செனற்றிலேயே இறந்துபோனது. இலங்கை 2016இலேயே சோடாப் போத்தல்களில் சீனியின் அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் போட வைத்துவிட்டது. கனடாவில் பெட்டியின் முன்பக்கத்தில் சீனி, உப்பு, கொழுப்பு எச்சரிக்கை கட்டாயமானது 2026 ஜனவரியில். நாங்கள் விட்டுவந்த நாட்டைவிடப் பத்து வருடம் பிந்தி.

நல்லதும் நடந்திருக்கிறது. பிள்ளைக்காசு நல்லது. அதை விலைவாசிக்கு மேலாகக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். 2024இல் மத்திய அரசு தேசியப் பாடசாலை உணவுத் திட்டத்துக்கு ஐந்து வருடத்துக்கு 100 கோடி டொலர் ஒதுக்கியது. வருடத்துக்கு மேலதிகமாக நான்கு இலட்சம் பிள்ளைகளுக்கு உணவு என்பது இலக்கு. தேர்தலில் வீடு தேடி வருகிற தமிழ் வேட்பாளரிடம் நாங்கள் பொங்கலைப் பற்றியும் நினைவுத்தூபியைப் பற்றியும் கேட்கிறோம். கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சூட்டுச் சாப்பாடு எப்போது வரும் என்றும், சனிக்கிழமை வேலைக்குப் போகிற தாய்க்குப் பிள்ளை பராமரிப்பு எங்கே என்றும் கேளுங்கள். ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற பராமரிப்பு நிலையங்களில், திட்டத்தில் சேர்ந்தவற்றில், நாளுக்கு 22 டொலர் என்று 2025இல் உச்சவரம்பு வைத்தார்கள். நல்லது. சனிக்கிழமையும் இரவும் அவற்றின் கதவு பூட்டு.

எங்களால் நாளைக்கே செய்யக்கூடியவையும் உண்டு. தமிழ் வகுப்புகளின் இடைவேளையில் யூஸ் பெட்டிக்குப் பதில் தண்ணீரும் பழமும் கடலைச் சுண்டலும் கொடுக்கலாம். ஒரு சாமத்தியவீட்டுக்கு இன்று நாங்கள் செலவழிக்கும் தொகையில் ஒரு பகுதியை வைத்தே வசதியில்லாத பிள்ளைகள் பலருக்கு ஒரு வருட நீச்சல் கட்டணம் கட்டலாம். ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்கள் மார்ச் மாதத்தில் ஆளுக்கு ஐந்து குடும்பத்துக்கு இலவசமாகக் கணக்குப் பார்த்துச் சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை குளத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். இவற்றுக்கு மேடையும் பொன்னாடையும் தேவையில்லை என்பதால்தான் இவை நடக்காமல் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

இங்கே பிறந்து வளர்ந்து இந்தக் கட்டுரையை வாசிக்கிற இளையவர்களுக்கும் ஒன்று. நாங்கள் வாங்கியதைவிடப் பல மடங்கு விலைக்கு நீங்கள் வீடு வாங்கப் பார்க்கிறீர்கள். எங்களுடைய கணக்கைத்தான் நீங்களும் போடுகிறீர்கள்: ஐந்து வருடம் கடித்துக்கொண்டு இருப்போம், பிறகு பிள்ளையைப் பார்ப்போம் என்று. பிள்ளையின் முதல் ஐந்து வருடமும் அந்த ஐந்து வருடமும் ஒன்றுதான். வங்கியிடம் தவணையைத் தள்ளிப்போடக் கேட்கலாம். நான்கு வயதுப் பிள்ளையிடம் அப்படிக் கேட்க முடியாது.

அந்தத் தாய் போகும்போது, சனிக்கிழமை வேலையை விடுவதா இல்லையா என்று சொல்லவில்லை. "அவரோட கதைச்சுப் பாக்கிறன் அன்ரி" என்றாள். ஏப்ரலில் கணவன் ரெலிபோன் எடுத்தார். கையில் வருகிற காசை விடுவது புத்தியா என்று கேட்டார். திரும்பவும் அந்த 950 டொலர் கணக்கை வரி வரியாகச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சேமிப்புக் கணக்கை முதலில திறப்பம், வேலையைப் பற்றிப் பிறகு பாப்பம்" என்றார். அவரில் எனக்குக் கோபமில்லை. 2004இல் என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த முறை ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இரண்டாவது கேக் துண்டுக்குக் கை நீட்டும்போது உங்கள் வாயில் ஒரு பகிடி வரும். அதை விழுங்கிவிடுங்கள். அந்தத் தாயிடம் போய்க் கிழமைக்கு எத்தனை நாள் வேலைக்குப் போகிறாள் என்று கேளுங்கள். அவள் சொல்லும் எண்ணைக் கேட்ட பிறகும் உங்களுக்குச் சிரிப்பு வந்தால், சிரியுங்கள்.